அடங்குவதா, மறுப்பதா?

கிறிஸ்தவர் அரசுக்கு அடங்குவதா, மறுப்பதா? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஞாயிறு ஆராதனை முடிந்து தே தாரிக் (மலேசிய இழுத்த தேநீர்) ஆறும்வரை நடக்கும் பழைய வாக்குவாதம் இது.

பைபிளில் பவுல் எழுதிய ரோமர் 13ஆம் அதிகாரத்தின் பக்கம் நிற்பவர்கள் சொல்வது எளிது: அதிகாரத்துக்கு அடங்கு, வரியைக் கட்டு. பவுல் இதை எழுதியபோது ஆட்சியில் இருந்தவன் கொடுங்கோலன் என்று பேரெடுத்த ரோமப் பேரரசன் நீரோ. நல்ல அரசனுக்கு மட்டும் சொன்னதென்று தப்பிக்க முடியாது.

அப்போஸ்தலர் 5:29 பக்கம், மனிதரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்ற பேதுருவின் பதில். சரி, ஆனால் அவர் எதை மறுத்தார்? பிரசங்கிக்காதே என்ற கட்டளையை. வரியை அல்ல. சம்மன் எழுத வந்த போலீஸ்காரர் கையில் லஞ்சமாக ஐம்பது வெள்ளியைத் திணிப்பவருக்கு இரண்டு வசனமும் உதவாது! அதே பேதுருதான் தம் நிருபத்தில் ராஜாவைக் கனம்பண்ணச் சொல்கிறார்.

எனக்கு முதல் பக்கமே வழக்கமான பாதை, இரண்டாவது அரிதான விதிவிலக்கு. தமிழ்ப் பக்கங்களும் கொண்ட மலேசியக் கத்தோலிக்க வார இதழ் ஹெரால்டு, கடவுளைக் குறிக்க ‘அல்லா’ என்ற சொல்லைப் பயன்படுத்த அரசு விதித்த தடையை நீதிமன்றத்தில்தான் எதிர்த்தது. 2009இல் வென்றது, 2013இல் மேல்முறையீட்டில் தோற்றது. 2014இல் கூட்டரசு நீதிமன்றமும் கைவிரித்தது. பவுலும் தம் வழக்கில் இராயனிடம், அதாவது ரோமப் பேரரசனிடம், முறையிட்டவர்தானே.