டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் சில ஆண்டுகள்: சேர நினைப்பவர்களுக்கு

மேடைப் பேச்சைப் பழகுவதற்கான கிளப்பான டோஸ்ட்மாஸ்டர்ஸில் சேர்ந்தால் மேடைக் கூச்சம் போய்விடுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். போகும், ஆனால் ஓரளவுக்குத்தான். சென்னையில் தமிழிலேயே நடக்கும் ஒரு கிளப்பில் சில ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். கட்டிய பணத்துக்குப் பலன் எங்கே என்று கேட்டால், பேச்சுகள் முடிந்த பிறகு வரும் மதிப்பீட்டுப் பகுதியைத்தான் காட்டுவேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1924 அக்டோபரில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. இங்கே ஆசிரியர் என்று யாரும் கிடையாது. உறுப்பினர்களே பேசுவார்கள், உறுப்பினர்களே மதிப்பிடுவார்கள். தயாரித்து வந்து பேசுவதற்குப் பொதுவாக ஐந்து முதல் ஏழு நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் பச்சை அட்டை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. அதற்குமேல் அரை நிமிடம் சலுகை உண்டு, அவ்வளவுதான். மதிப்பீட்டாளருக்கு இரண்டு முதல் மூன்று நிமிடம்.

நம் ஊர் மேடைப் பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு இந்த அட்டைகள்தான் முதல் அதிர்ச்சி. அண்மையில் ஒரு மாலைக் கூட்டத்தில், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் பேசினார். தலைவர் அவர்களே, நெறியாளர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் சான்றோர்களே என்று விளித்து முடிக்கவே ஒரு நிமிடம் போயிற்று. பிறகு பதவி உயர்வு, மாற்றல் ஆணை, ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு கிராமக் கிளை. பச்சை அட்டை உயர்ந்தபோது அவர் இன்னும் கிளைக்குள் நுழையவே இல்லை. மஞ்சள் வந்த பிறகுதான் கதைக்கு வந்தார்: ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்காகக் கம்மலை அடகு வைத்து, தை அறுவடை முடிந்ததும் மீட்டுப் போகும் ஓர் அம்மாள். கம்மலைக் கழற்றிக் கொடுத்த கையோடு, துளை தூர்ந்துபோகாமல் இருக்கக் காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொள்வாராம். அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நன்றி வணக்கத்துக்கு ஓடிவிட்டார்.

அவரை மதிப்பிட்டவர் கல்லூரி முடித்து இரண்டொரு ஆண்டுகளே ஆன பெண். "ஐயா, மாற்றல் ஆணை யாருக்கும் வரும். அந்த வேப்பங்குச்சியை நீங்கள் மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். அடுத்த முறை அங்கேயே தொடங்குங்கள்" என்றார். பெரியவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். வேறு எந்தத் தமிழ் மேடையில் இருபத்துச் சொச்சம் வயதுப் பெண் இப்படிச் சொல்ல, அறுபதைத் தாண்டியவர் எழுதிக்கொள்வார்? உறுப்பினர் தொகையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது இந்த மாதிரி நிமிடங்களைத்தான்.

ஆனால் எல்லா மதிப்பீடும் இப்படி அமைவதில்லை. அதே மாலை மூன்றாவதாகப் பேசியவர் எதுகை மோனையோடு மனப்பாடமாகப் பொழிந்தார். கைத்தட்டலும் கிடைத்தது. எதைப் பற்றிப் பேசினார் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன், அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மதிப்பீட்டாளரோ "அருமை, கம்பீரம், உடல்மொழி அற்புதம்" என்று மாலை போட்டு அனுப்பிவிட்டார். முதலில் பாராட்டு, நடுவில் ஒரு குறை, கடைசியில் மறுபடி பாராட்டு என்பது எழுதப்படாத வழக்கம். எங்கள் கிளப்பில் சில நாள் அந்த நடுப்பகுதியே காணாமல் போய்விடுகிறது.

டேபிள் டாபிக்ஸ் எனப்படும் திடீர்ப் பேச்சுப் பகுதியை வெறும் விளையாட்டு என்று நினைத்திருந்தேன். தலைப்பை அங்கேயே கொடுப்பார்கள், ஒன்று முதல் இரண்டு நிமிடத்துக்குள் பேசி முடிக்க வேண்டும். அலுவலகத்தில் மேலாளர் திடீரென்று ஒன்றைக் கேட்கும்போது திணறாமல் இருக்க எனக்கு உதவியது தயாரித்த பேச்சுகளைவிட இதுதான். "வந்து", "அதாவது" போன்ற இட்டு நிரப்பும் சொற்களை எண்ணிக் கடைசியில் வாசிக்க ஒருவர் இருப்பார். அதனால் என் பேச்சில் அவை வெகுவாகக் குறைந்துவிட்டன. பக்கவிளைவும் உண்டு: கல்யாண வீட்டில் யாராவது வாழ்த்திப் பேசினால் வாழ்த்து காதில் விழுவதில்லை, "வந்து"க்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

2014இல் கோலாலம்பூரில் நடந்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் உலகப் பேச்சுப் போட்டியில் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி வென்றார். அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டுச் சேர வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போட்டி நல்லதுதான். ஆனால் போட்டிக் காலம் வந்தால் எங்களில் பலர் ஒரே மாதிரி கையை விரிக்கிறோம், ஒரே இடத்தில் குரலைத் தாழ்த்துகிறோம். எனக்கு அது ஒத்துவரவில்லை, அதனால் போட்டிகளில் நிற்பதை விட்டுவிட்டேன்.

செலவைப் பொறுத்தவரை, 2023 அக்டோபர் முதல் தலைமை அமைப்புக்கு ஆறு மாதத்துக்கு 60 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும், புதிதாகச் சேர்பவர்களுக்கு மேலும் 20 டாலர். அறை வாடகை, தேநீர் என்று கிளப் தனியாக வாங்குவது இடத்துக்கு இடம் மாறும். நம் ரூபாய்க்கு இது சிறிய தொகையல்ல. மாதம் ஒருமுறை மட்டும் தலைகாட்டுகிறவருக்கு நிச்சயம் நட்டம். இலக்கியச் சொற்பொழிவுக்கு மணிக்கணக்கில் தயாராக விரும்புகிறவர்களுக்கும் இந்த ஏழு நிமிடக் கட்டுப்பாடு பிடிக்காது.

சேர்வதற்கு முன் இரண்டு மூன்று கிளப்களுக்கு விருந்தினராகப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பணம் கேட்பதில்லை. பேச்சுகள் முடிந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிடாமல், மதிப்பீடு முடியும்வரை உட்காருங்கள். ஒருவர்கூட ஒரு குறையும் சொல்லவில்லை என்றால் அடுத்த கிளப்பைப் பாருங்கள்.