மின்வாகனத் துறையில் முதல் வேலை: ஆலையா, பழுதுபார்ப்பா?

ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தூத்துக்குடி வின்ஃபாஸ்ட் என மின்வாகன ஆலைகள் பெருகியிருப்பதால், பட்டயப் படிப்பு முடித்தவர்கள் பலர் உற்பத்திப் பிரிவையே முதலில் நாடுகின்றனர். ஒழுங்கான பணிநேரமும் தரக்கட்டுப்பாட்டுப் பயிற்சியும் அங்கே கிடைக்கும். ஆனால், ஒரே இடத்தில் நின்று ஒரே பாகத்தைப் பொருத்துபவருக்கு முழு வண்டியின் இயக்கமும் எளிதில் பிடிபடாது.

பழுதுபார்ப்புப் பணியில் நிலைமை வேறு. பேட்டரி மேலாண்மை அமைப்பு காட்டும் பிழைக்குறியைப் படித்து, பேட்டரிக்குள் உள்ள செல்களுக்கிடையேயான மின்னழுத்த வேறுபாட்டை அளந்து, கோளாறு பேட்டரியிலா, மோட்டாரிலா, மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் கட்டுப்படுத்தியிலா, அல்லது வெறும் இணைப்புக் கம்பியிலா என்று பிரித்தறியும் திறன் அங்கேதான் வளர்கிறது. நேர்திசை மின்னோட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே அபாய எல்லை எனக் கொள்ளப்படும் நிலையில், பல கார்களின் பேட்டரி 300 முதல் 400 வோல்ட் வரை இருப்பதால், காப்புக் கையுறையும் மின் துண்டிப்பு முறையும் அறியாமல் எவரும் அதைத் தொடவே கூடாது. பயிற்சி தராத பணிமனையை, சம்பளம் எவ்வளவு என்றாலும், தவிர்த்துவிடுங்கள்.

குடும்பத்துக்கு உடனடி வருமானம் தேவையெனில் ஆலை பொருத்தமானது. ஓரிரு ஆண்டுகள் பொறுக்க முடிந்தவருக்குப் பழுதுபார்ப்பையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன்.