மலபார் மரத்தேரையும் ஊர்த் தேரையும்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் மலபார் மரத்தேரையும், மாலையில் வாசலோரம் பூச்சி பிடிக்க வரும் ஊர்த் தேரையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைப் பார்த்தவுடன் நம்புவது கடினம். ஊர்த் தேரைக்குக் கனத்த உடலும் தலையில் கருநிற முகடுகளும் உண்டு. வயல், தோட்டம், தெருவிளக்கின் அடி என எங்கும் பிழைத்து, தேங்கிய நீரில் சரம் சரமாக முட்டையிடும். மடகாஸ்கரின் துறைமுக நகரான டோமாசினாவில் அது பரவியிருப்பது 2014இல் தெரியவந்தது. எங்கும் வாழும் இத்திறனே அங்குள்ள உயிரினங்களுக்குக் கேடாகிவிட்டது.

மரத்தேரை ஏறக்குறைய 4 செ.மீ. நீளமே உள்ள சிற்றுயிர். விரல் நுனிகள் தட்டையாக அகன்றிருப்பதால் இலையையும் கிளையையும் பற்றி ஏறுகிறது. பழுப்பு உடலில், கண்ணின் கீழிருந்து தோள் வரை ஓடும் வெள்ளைப் பட்டை அதன் அழகான அடையாளம். மரப்பொந்துகளில் ஒதுங்கியிருந்து, மழை தொடங்கும் காலத்தில் ஓடைக்கரைக்கு இறங்கி இணைசேர்கிறது. என் கணிப்பில், முதலில் காக்க வேண்டியது இதைத்தான். வீடு கட்டினாலும் ஊர்த் தேரை சுவரோரத்தில் தங்கிவிடும். ஓடையோர மரங்களை வெட்டி, நிழலும் ஈரமும் போய்விட்டால் மரத்தேரைக்கு மாற்றிடம் இல்லை. ஆகவே, கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு (சைலன்ட் வேலி) போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளுக்கு வெளியே, தோட்டப் பயிர்களுக்கு நடுவே எஞ்சியிருக்கும் சிறு ஓடைக்காடுகளையும் வெட்டாமல் விட வேண்டும்.