கொழும்பு ஈரக்காற்றில் லெஜெர் ரீட்: வாசித்துப் பிழைப்பவருக்கு வரவா, செலவா?

நாதஸ்வரக்காரரின் வாத்தியத்தில் எப்போதும் நாலைந்து சீவாளி தொங்கும். ஒன்று முரண்டு பிடித்தால் அடுத்ததைச் செருகிக்கொண்டு ஆலாபனையைத் தொடர்ந்துவிடுவார். சாக்சபோன்காரருக்கு அந்த வசதி இல்லை. வாயில் வைக்கும் மவுத்பீஸில் லிகச்சர் என்ற பட்டை போட்டு இறுக்கிய ஒற்றை ரீட்தான், அதிர்ந்து ஒலி எழுப்பும் அந்த மெல்லிய நாணல் தகடுதான், அவருக்குக் கதி. அதைக் கழற்றி, புதியதை நனைத்து, பொருத்தி, அது பழகி வர ஐந்து நிமிடமாவது போகும். ஹோட்டல் மேடையில் பாடகி அடுத்த பாட்டுக்கு எண்ணத் தொடங்கிய பிறகு ஐந்து நிமிடத்துக்கு எங்கே போவது?

லெஜெர் செயற்கை ரீட்டைக் கொழும்பில் எடை போடும்போது முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். தொனி இரண்டாவது.

லெஜெர் ஒரு கனடா நிறுவனம், 1998 இல் தொடங்கியது. ரீட் செய்யப்படுவது பொலிப்புரொப்பிலீனில். சாப்பாட்டுப் பெட்டி செய்கிற அதே இனப் பிளாஸ்டிக்தான், ஆனால் மூலக்கூறுகள் ஒரே திசையில் நீளும்படி இழுத்து விறைப்பாக்கப்பட்டது. அதனால் நாணலின் நார் போல நீளவாட்டில் விறைப்பாகவும் குறுக்குவாட்டில் இளக்கமாகவும் இருக்கும். தண்ணீரை உறிஞ்சாது என்பதுதான் முக்கியமான குணம். அல்டோ, டெனர் என்ற இரு அளவு சாக்சபோன்களுக்கும் பல வெட்டுகள், அதாவது ரீட்டைச் சீவிய வடிவங்கள், உண்டு. ஜாஸ் வாசிப்பவர்களிடம் அதிகம் காணப்படுபவை சிக்னேச்சர், அமெரிக்கன் கட் இரண்டும். இங்கே பேசுவதும் அவற்றைப் பற்றியே.

நாணல் ரீட் கொழும்பில் ஏன் இந்தப் பாடுபடுத்துகிறது? சாதாரண நாளில் காற்றின் ஈரப்பதம் 75 முதல் 80 சதவீதம், விடியற்காலையில் அதற்கும் மேல். வெள்ளவத்தையில் ஜன்னல் திறந்த அறையில் கிடக்கும் ரீட் முழுதாகக் காய்வதே இல்லை. வாசித்துவிட்டு அப்படியே மூடிய பெட்டிக்குள் போட்டால் சில நாளில் கருப்புப் புள்ளி விழும், அது பூஞ்சணம். அதே ரீட்டை மாலையில் ஏசி போட்ட விருந்து மண்டபத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் பாதியளவுக்கு இறங்கிவிடும். நாணல் நீளவாட்டில் அவ்வளவு மாறாது, குறுக்குவாட்டில்தான் வீங்கும், சுருங்கும். ஆகவே தட்டையாக இருக்கவேண்டிய அடிப்பக்கம் வளைந்து, மவுத்பீஸின் மேசையோடு, அதாவது ரீட் படியும் தட்டைப் பரப்போடு, ஒட்டாமல் காற்றுக் கசியும். கீழ் ஸ்வரங்கள் பேசாது, மேலே கிறீச்சிடும். கலைஞர் தன் உதட்டைக் குறை சொல்லிக்கொள்வார், பாவம்.

விமானத்தில் நிலைமை தலைகீழ். பயணிகள் அறையின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. கொழும்பிலிருந்து புறப்பட்டுக் குளிர்காலத்து லண்டனில் இறங்கினால், பெட்டியில் உள்ள பத்து ரீட்டும் பத்து விதமாக நெளிந்திருக்கும். 1958 இல் டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழுவோடு அல்டோ வாசித்த பால் டெஸ்மண்டும், 1963 இல் டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவோடு வந்த சாக்சபோன்காரர்கள் ஜோனி ஹொட்ஜஸ், பால் கொன்சால்வெஸ், ஹரி கார்னி முதலியோரும் அமெரிக்க அரசு ஏற்பாடு செய்த பயணத்தில் ஆப்கானிஸ்தானையும் இலங்கையையும் ஒரே சுற்றில் முடித்தார்கள். காபூலின் வறட்சியும் கொழும்பின் பிசுபிசுப்பும் ஒரே சுற்றில்! ஊர் ஊராகப் போகும் சாக்சபோன்காரரின் வாழ்வில் இந்தத் தொல்லை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

லெஜெர் இந்த ஒன்றைத் தீர்க்கிறது, தெளிவாகவே தீர்க்கிறது. நனைக்கத் தேவையில்லை. பெட்டியிலிருந்து எடுத்து வாயில் வைத்த கணமே பேசும். உரை, கேக் வெட்டு, படப்பிடிப்பு என்று முக்கால் மணி நேரம் சும்மா இருக்கவைக்கும் திருமண வரவேற்புகளில் இதன் அருமை தெரியும். அல்டோ, சொப்ரானோ, கிளாரினெட் என்று மாறி மாறி எடுப்பவருக்கு இன்னும் அதிகம். ஏசிக் காற்று படும் ஸ்டாண்டில் கால் மணி நேரம் நின்ற நாணல் ரீட்டின் நுனி அலை அலையாகச் சுருங்கிவிடும், லெஜெர் வைத்தபடியே இருக்கும்.

இனி, வாங்குபவர்கள் தவறுகிற இடம்: கனம், அதாவது ரீட்டின் விறைப்பைச் சொல்லும் எண். கால் கால் எண்ணாக வருகிறது, 2, 2.25, 2.5 என்று. நாணலில் பாவிக்கும் எண்ணையே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் பெரும்பாலும் விறைப்பாகப்படும். வண்டோரன் ஜாவா பச்சைப் பெட்டி நாணல் ரீட்டில் 2½ வாசிப்பவர் 2.25 இல் தொடங்கலாம். மவுத்பீஸின் வாய்த் திறப்பையும், அதாவது அதன் நுனிக்கும் ரீட்டின் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளியையும், பார்க்கவேண்டும். செல்மர் எஸ்80 சி ஸ்டார் அல்டோ மவுத்பீஸின் திறப்பு 1.7 மில்லிமீற்றர், மேயர் 5 இன் திறப்பு ஏறத்தாழ 1.8. அதற்கும் மேலே 6, 7 என்று போனால் இன்னொரு கால் எண் குறைக்கலாம். நாணல் என்றால் மண்கடதாசியால் நாலு இழுப்பு இழுத்து மெலிதாக்கலாம். இதில் அந்த வேலை நடக்காது. தேய்த்தால் பிசிறுதான் மிஞ்சும். எண் பிழைத்தால் காசு போனதுதான்.

பொருத்துவதிலும் ஒரு பக்குவம் உண்டு. ரீட்டின் நுனி மவுத்பீஸின் நுனியோடு சரிமட்டமாக, அல்லது மயிரிழை கீழே நிற்கட்டும். மேலே தள்ளினால் விறைப்புக் கூடும், கீழே இறக்கினால் குறையும். அரை மில்லிமீற்றர் அசைவே கால் எண் வித்தியாசம் போலத் தெரியும். கடையில் "கனம் சரியில்லை" என்று திருப்பிக் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கட்டும். லிகச்சரில் இரண்டு திருகாணி இருந்தால் அடிப்பக்கத்தது பிடிப்பாகவும் நுனிப்பக்கத்தது தொட்டும் தொடாமலும் இருப்பது நல்லது. ஓங்கி இறுக்கினால் பிளாஸ்டிக்கில் தழும்பு விழும், அது பிறகு போகாது. கடைசியாக, மவுத்பீஸின் பின்வாயை உள்ளங்கையால் மூடி, முன்பக்கம் காற்றை உறிஞ்சி வாயை எடுங்கள். ரீட் ஓரிரு விநாடி ஒட்டி நின்று "டப்" என்று விடவேண்டும். உடனே விட்டால் எங்கோ கசிவு. லெஜெரின் அடி வளையாது, ஆகவே பழி பெரும்பாலும் மவுத்பீஸின் மேசைக்கே. ஈரத்தில் உப்பிய நாணல் அந்தக் கோணலை ஓரளவு மூடி மறைத்துவிடும். இது மறைக்காது. மலிவு மவுத்பீஸ் வைத்திருப்பவர்கள் லெஜெர் சரியில்லை என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இது.

குறைகளும் உண்டு. எச்சிலை உறிஞ்சாததால் துளிகள் அடியில் திரண்டு, மெல்லிய இடங்களில் கொறகொறவென்று சத்தம் வரும். இடைவெளியில் காற்றை உள்ளே உறிஞ்சி எடுத்துவிட்டால் போகும், ஆனால் மைக்குக்கு நேரே நின்று அதைச் செய்தால் சபை முழுக்கக் கேட்கும். அடுத்தது வெப்பம். பொலிப்புரொப்பிலீன் சூட்டில் இளகும். காலி முகத்திடல் பக்கம் திறந்த வெளியில் மாலை நாலு மணி வெயிலில் வாசிக்கையில் ரீட் கால் எண் மெலிந்ததுபோல இருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் விடாமல் வாசித்தாலும் அப்படியே. ஓய்வு கொடுத்தால் மீளும். அதனால் இரண்டு வைத்து, முதல் பகுதிக்கு ஒன்று, இரண்டாம் பகுதிக்கு ஒன்று என்று மாற்றுவதே வழி. வெயிலுக்குக் கால் எண் கூடிய ஒன்றை வைத்திருப்பது இன்னும் நல்லது. வெயிலில் நிறுத்திய வாகனத்தின் முன்கண்ணாடி அடியில் விட்டுவிட்டு வந்தால் மட்டும் மீளாது. கொதிநீரில் கழுவுவதும் அப்படித்தான். இளஞ்சூட்டுத் தண்ணீர், மெதுவான பல் தூரிகை, அடியிலிருந்து நுனி நோக்கி மட்டும். எதிர்ப்பக்கம் தேய்த்தால் நுனி கிழியும்.

சுருதி ஏறுவதையும் சிலர் ரீட்டின் தலையில் கட்டுகிறார்கள். குழாய்க்குள் காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும் (ஒரு சென்ட் என்பது அரைச்சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு). ஏசி மண்டபத்தில் சரிபார்த்துவிட்டு வெளிப்புல்வெளிக்கு வந்தால் எந்த ரீட் போட்டாலும் ஏறத்தான் செய்யும். மவுத்பீஸைக் கொஞ்சம் வெளியே இழுங்கள்.

தொனி. சிக்னேச்சர் பிரகாசமானது, கூர்மையானது. கிற்றார், கீபோர்ட், ட்ரம்ஸ் எல்லாம் சேர்ந்த பைலா ஆட்டப்பாட்டு இரைச்சலை வெட்டிக்கொண்டு வெளியே வரும். அமெரிக்கன் கட் அடிச்சுரங்களில் சதைப்பிடிப்பானது, நாணலுக்கு அருகில் நிற்பது. ஜாஸுக்கு ஒன்றுதான் வாங்கமுடியும் என்றால் அமெரிக்கன் கட். ஆனால் மெதுவான பாட்டில் மூச்சுக் கலந்து தணிந்து வாசிக்கும் இடங்களில், நல்ல நாளில் நல்ல நாணல் ரீட் தரும் அந்தப் புகை படிந்த ஒலி இதில் முழுதாக வராது. ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்கைக் கிட்ட வைத்தால் மேல் சுரங்களில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் இரைச்சல் தெரியும். பதிவுக்கு நாணல், மேடைக்கு லெஜெர் என்று பிரித்துக்கொள்வது புத்தி.

கத்ரி கோபால்நாத் காட்டிய வழியில் அல்டோவில் கர்நாடக இசை வாசிப்பவர்கள் இங்கேயும் உண்டு. அவர்களுக்குக் கமகமே உயிர். உதட்டைத் தளர்த்தியும் பிடித்தும் ஸ்வரத்தை வழுக்கவேண்டும். அதற்கு வழக்கமான எண்ணிலிருந்து கால் குறைத்த சிக்னேச்சர் ஒத்துவரும், விறைப்பான ரீட்டில் காம்போதி ராகம் கல்லாகிவிடும். கோயில் திருவிழாவில் மணிக்கணக்காகத் திறந்த வெளியில் நிற்பவர்கள் மேலே சொன்ன வெப்பக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

காசு விஷயம். அல்டோ லெஜெர் ஒன்று ஏறத்தாழ 35 அமெரிக்க டொலர். பத்து நாணல் ரீட் கொண்ட நல்ல பெட்டி ஒன்றும் கிட்டத்தட்ட அதே விலை. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 10,500 ரூபாய். பத்துக்கு ஒன்றா என்று மலைக்கவேண்டாம். பெட்டியில் மேடைக்குத் தகுவது மூன்று நான்குதான், ஒவ்வொன்றும் 15 மணி நேரம் தாக்குப்பிடித்தால் பெரிது. வாரம் நாலு இரவு, இரவுக்கு மூன்று மணி நேரம் வாசிப்பவருக்கு ஒரு பெட்டி ஐந்து வாரத்தில் தீரும். வருடத்துக்குப் பத்துப் பெட்டி, ஒரு இலட்சத்துக்கு மேலே. இரண்டு லெஜெரை மாற்றி மாற்றிப் பாவித்தால் நாலைந்து மாதம் ஓடும். வருடச் செலவு ஐம்பதாயிரத்துக்கும் அறுபத்துமூவாயிரத்துக்கும் இடையில் நிற்கும். மாதம் ஒரு கச்சேரி மட்டும் வாசிப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர் நாணலிலேயே இருக்கட்டும்.

இணையத்தில் வரவழைத்தால் அனுப்புக் கூலியும் சுங்கமும் சேர்ந்து விலை எகிறும். எடையோ ஒரு தபால் உறைக்குள் அடங்குவது. லெஜெர் ஆலை ஒன்ராறியோவில் பாரி என்ற ஊரில், ரொறன்ரோவுக்கு வடக்கே நூறு கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. ஸ்காபரோவில் மாமாவோ சித்தியோ இல்லாத வெள்ளவத்தைக் குடும்பம் எத்தனை? தைப்பொங்கலுக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ வருபவரிடம் வெட்டின் பெயர், வாத்தியம், எண் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் அல்டோவுக்குப் பதில் கிளாரினெட் ரீட் வந்து சேரும். முதல்தடவை என்றால் அடுத்தடுத்த இரண்டு எண்களில் ஒவ்வொன்று வாங்குவது பாதுகாப்பு.

போட்டிக்கு டடாரியோவின் வென், சில்வர்ஸ்டைனின் அம்பிபொலி, ஜப்பானின் ஃபொரெஸ்டோன் எல்லாம் இருக்கின்றன. அம்பிபொலி ஈரத்தை ஓரளவு ஏற்கும் பொருளால் ஆனது என்பதால் எச்சில் கொறகொறப்புப் பொறுக்காதவர்கள் அதைப் பார்க்கலாம்.

லெஜெர் நாணல் போலச் சட்டென்று உயிரை விடாது, மெல்ல மெல்ல மெலியும். காது பழகிவிடுவதால் கண்டுபிடிப்பது கடினம். போட்ட நாளை அதன் உறையில் எழுதி வையுங்கள். மேல் ஸ்வரங்கள் சுருதி தாழ்ந்து, வழக்கத்தைவிட அதிகமாகக் கடித்து ஏற்றவேண்டி வந்தால் முடிவு நெருங்கிவிட்டது. நுனியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் அங்கேதான் கிழியப்போகிறது. அன்றிரவு கச்சேரிக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.