அருமண் உலோகங்களைப் பிரிக்க: கெரசினா, புரதமா?

பழைய காந்தத்தை அமிலத்தில் கரைத்தால் அதிலுள்ள அருமண் உலோகங்களான நியோடிமியமும் டிஸ்புரோசியமும் கரைசலில் சேர்ந்தேதான் இறங்கும். இரண்டுக்கும் மின்சுமை 3+. அயனி ஆரத்தில் வித்தியாசம் 7 பிக்கோமீட்டர் அளவுதான். வரிசையில் பக்கத்துப் பக்கத்துத் தனிமங்கள் என்றால் ஒன்றிரண்டுதான் இருக்கும். அதனால்தான் பிரிப்பது கடினம்.

இன்று ஆலைகளில் ஓடுவது கரைப்பான் பிரித்தெடுப்பு. பி507 போன்ற கரிம பாஸ்பரஸ் அமிலத்தைக் கெரசினில் கலந்து, உலோகக் கரைசலோடு கலக்கித் தெளியவிடுவார்கள்; ஒரு உலோகம் மற்றதைவிடச் சற்று அதிகமாகக் கெரசின் அடுக்குக்குப் போகும். ஒரு தொட்டியில் கிடைக்கும் பிரிவு அற்பம் என்பதால் நூற்றுக்கணக்கான தொட்டிகளைத் தொடராகக் கட்டவேண்டும். அமிலம், காரம், உப்புக் கழிவுநீர் எல்லாம் கூடவே வரும். ஆனாலும் அடர்ந்த கரைசலை இரவுபகலாகத் தள்ளிக்கொண்டே இருக்கும், கரைப்பானையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அதனால்தான் இன்னும் நிற்கிறது.

எதிர்ப்பக்கம் லான்மாடுலின். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் குழு 2018இல் ஒரு பாக்டீரியாவில் கண்டறிந்து அறிவித்த சின்னப் புரதம். கால்சியத்தைவிடப் பத்துக் கோடி மடங்கு விருப்பத்தோடு லாந்தனைடுகளை (நியோடிமியம், டிஸ்புரோசியம் அடங்கிய அருமண் வரிசையை) பிடிக்கும். அமிலத்தன்மை 2.5 pH வரை பிடி தளராது. அதற்குக் கீழே இறக்கினால் விட்டுவிடும். மணிகளில் ஒட்டி ஒரு குழாயில் நிரப்பினால் வடிகட்டி தயார். கெரசினே வேண்டாம். ஓக் மர மொட்டில் வாழும் இன்னொரு பாக்டீரியாவின் புரதம் இன்னும் சுவாரசியம்: நியோடிமியம் போன்ற எடை குறைந்த லாந்தனைடு வந்தால் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து இறுக்கிப் பிடிக்கும், டிஸ்புரோசியம் வந்தால் பிடி தளரும். இதை வைத்து ஒரே கட்டத்தில் நியோடிமியத்தையும் டிஸ்புரோசியத்தையும் 98 சதவீதத்துக்கு மேல் தூய்மையாகப் பிரித்துக் காட்டினார்கள் (2023).

சரி, கொள்ளளவு? இங்கேதான் இடிக்கிறது. புரதத்தின் மோலார் எடை சுமார் 12,000 கிராம், இறுக்கமாகப் பிடிக்கும் இடங்கள் 3. கணக்குப் போட்டால் ஒரு கிலோ சுத்தப் புரதம் ஒரு சுற்றில் 36 கிராம் நியோடிமியம்தான் தாங்கும். அது ஒட்டியிருக்கும் மணிகளின் எடையையும் சேர்த்தால் இன்னும் குறையும். டன் கணக்கில் தாது வரும் ஆலைக்கு இது கட்டுப்படியாகாது.

ஆனால் நிலக்கரிச் சாம்பலைக் கழுவிய அமிலத்திலும் சுரங்கக் கழிவுநீரிலும் அருமண் மிகக் குறைவு, இரும்பும் கால்சியமும் அலுமினியமும் ஏராளம். அங்கே கெரசின் திணறும், புரதம் சாதிக்கும். என் ஓட்டு: முன்னால் புரதம், அடர்வு ஏறியபின் பழைய தொட்டிகள்.

உயிர்மூலக்கூறு என்றாலே புதுமை என்று நினைக்கவும் வேண்டாம். இரும்புத்தாதுவிலிருந்து மணலை நுரையில் மிதக்கவைத்து நீக்கும்போது, இரும்புக் கனிமமான ஹெமடைட் கூடவே மேலே வராமல் அடக்கிவைக்க ஸ்டார்ச்சைப் பல்லாண்டுகளாகக் கொட்டுகிறார்கள். மலிவு, மக்கும், யாரும் பெருமையாகப் பேசுவதில்லை.

புரதத்தை ‘பசுமை’ என்று விற்பவரிடம் இரண்டைக் கேளுங்கள்: பாக்டீரியாவை வளர்க்கச் சர்க்கரையும் மின்சாரமும் எவ்வளவு, ஒரே குழாய் எத்தனை சுற்று தாங்கும்.