சௌ, சின், ஹான்: நான் ஏன் ஹான் பக்கம் போனேன்

எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த முறை பண்டைய சீனா. ஆளுக்கு ஒரு வம்சத்தை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் படித்துவிட்டுப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. நான் முதலில் கேட்டு வாங்கியது சின் வம்சத்தை. முதல் பேரரசர், சுடுமண் படைவீரர்கள், நெடுஞ்சுவர் என்று கண்ணை இழுப்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹானுக்கு மாறிக்கொண்டேன். எந்த வம்சத்தில் தொடங்குவது என்ற இதே கேள்வியோடு சீன வரலாற்றுக்குள் நுழைகிறவர்களுக்காக அந்தக் கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த மூன்றுக்கும் முந்தைய ஷாங் வம்சத்தை நான் போட்டியில் சேர்க்கவே இல்லை. ஷாங் தலைநகரம் இருந்த ஆன்யாங்கில் கிடைத்த ஆமையோடுகளும் மாட்டெலும்புகளும் அரசன் தன் மூதாதையரிடம் என்னென்ன குறி கேட்டான் என்று சொல்கின்றன. போர், மழை, விளைச்சல், பிள்ளைப்பேறு, பல்வலி வரை இருக்கிறது. ஆனால் ஓர் ஊரில் வரி எப்படி வசூலானது என்பதற்கு அவற்றில் சான்று குறைவு.

சௌ அரசர்கள் கி.மு. 1046 வாக்கில் ஷாங்கை வீழ்த்தினார்கள். வென்றதற்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது. 'வானத்தின் ஆணை' என்ற கருத்து அங்கிருந்து வந்தது: ஆளும் உரிமையை வானம் தருகிறது, அரசன் கெட்டுப்போனால் அதைப் பறித்து வேறொருவனுக்குக் கொடுத்துவிடுகிறது. பின்னால் வந்த வம்சங்களெல்லாம் இதே வாதத்தைத்தான் எடுத்துக்கொண்டன. நாட்டை ஆண்ட முறையோ குடும்பச் சொத்து போலத்தான். தம்பிகளுக்கும் சம்பந்திகளுக்கும் ஆளுக்கொரு பகுதி கொடுத்து அனுப்பினார்கள். முதல் தலைமுறையில் அண்ணன் தம்பி. நாலைந்து தலைமுறை போனால் வெறும் பங்காளி. கி.மு. 771இல் மேற்குத் தலைநகரம் விழுந்தபின் அரசருக்குப் பெயர்தான் மிஞ்சியது. கி.மு. 256இல் சின் வந்து அதையும் முடித்துவைத்தது.

சின்னின் பெருமையை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. கி.மு. 356இல் சின் அரசின் அமைச்சர் ஷாங் யாங் தொடங்கிய சீர்திருத்தம் குடும்பங்களை ஐந்தைந்தாகக் கட்டியது. ஒருவர் குற்றத்துக்கு மற்றவர்களும் பொறுப்பு. போர்க்களத்தில் தலை கொய்தவனுக்குப் பட்டம் உயர்ந்தது, பிறப்பு பின்னுக்குப் போனது. கி.மு. 221இல் சின் மற்ற அரசுகளை வென்று நாடு ஒன்றானபோது இளவரசர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுக்கலாம் என்றார்கள் மற்ற அமைச்சர்கள். லீ ஸி என்ற அமைச்சர் மறுத்தார். சௌ அரசரின் சொந்தக்காரர்களே பின்னால் பகைவர்களாகி அடித்துக்கொண்டதை எடுத்துக்காட்டினார். நாடு 36 மாகாணங்களானது; அவற்றின்கீழ் வட்டங்கள்; எல்லாவற்றுக்கும் தலைநகரிலிருந்து நியமனம். எடை, அளவு, எழுத்து, வண்டி அச்சின் அகலம் எல்லாம் ஒரே சீரானது.

இந்த ஆட்சி கிட்டத்தில் எப்படி இருந்தது என்று பார்க்க 1975இல் ஹூபெய் பகுதியின் ஷுய்ஹுதியில் தோண்டிய ஒரு கல்லறை போதும். ஸி என்ற வட்ட அலுவலர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் பட்டைகளோடு புதைக்கப்பட்டிருந்தார். பெரும்பகுதி சட்டம். அரசு மாட்டை உழவுக்கு விட்டு அதன் இடுப்புச் சுற்று குறைந்தால், குறைந்த ஒவ்வொரு அங்குலத்துக்கும் பொறுப்பானவருக்குப் பத்து அடி. மழை பெய்தால் எவ்வளவு நிலம் நனைந்தது என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த நுணுக்கம் என்னை உண்மையிலேயே அசத்தியது.

அதே பட்டைகள் ஒரு பழைய கதையையும் அசைத்துப் பார்க்கின்றன. கி.மு. 209இல் காவல் பணிக்குப் போன 900 பேர் மழையில் சிக்கினார்கள், தாமதமானால் தலை போகும் என்பதால் அவர்களில் ஒருவரான சென் ஷெங் சின்னை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படுவது. ஸியின் பட்டைகளிலோ, கட்டாய வேலைக்குப் பத்து நாளுக்கு மேல் பிந்தினால் ஒரு கவசத்தின் விலை அபராதம், மழை என்றால் வேலைக்கு அழைப்பதே ரத்து. அது உடலுழைப்புக்கான விதி, படைக்கு வேறு விதி இருந்திருக்கலாம். ஆனாலும் 'கொடுஞ்சட்டத்தால் சின் அழிந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது என்று எனக்குத் தோன்றியது.

அப்படியானால் பதினைந்தே ஆண்டில் ஏன் விழுந்தது? என் தேர்வை முடிவுசெய்தது இந்தக் கேள்விதான். ஓர் அரசைக் கட்டுவது ஒரு வேலை. அதை ஆள் போட்டு, சோறு போட்டு, வருடக்கணக்கில் ஓட்டுவது வேறு வேலை. ஹுனான் பகுதியின் லியெயில் 2002இல் கிடைத்த சின் ஆவணங்களில் சியன்லிங் என்ற வட்டத்தின் பணியாளர் பட்டியல் ஒன்று இருக்கிறது. மொத்தம் 103 இடங்கள். அலுவலகத்தில் இருந்தவர்கள் 51 பேர். மீதிப் பேர் வெளிவேலைக்குப் போயிருந்தார்கள், அல்லது இடமே காலி. மாட்டின் இடுப்பை அளக்கச் சொல்லும் சட்டம் தயார். அளக்க ஆள் பாதிதான். இது புதிதாகப் பிடித்த எல்லைப் பகுதி என்பதால் நாடு முழுக்க இதே நிலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் திடீரென்று விரிந்த பேரரசில் பெரும்பகுதி இப்படிப் புதிதாகப் பிடித்ததுதானே.

ஹான் வம்சத்தைத் தொடங்கிய லியு பாங் சின் ஆட்சியில் ஒரு சிறு காவல்சாவடித் தலைவர். சின் தலைநகரம் பிடிபட்டபோது மற்றவர்கள் பொன்னுக்கும் பட்டுக்கும் ஓட, அவருடைய ஆள் சியாவோ ஹெ சட்ட ஏடுகளையும் வரைபடங்களையும் எடுத்து வைத்தார். ஜாங்ஜியாஷான் கல்லறையில் கிடைத்த கி.மு. 186ஆம் ஆண்டின் ஹான் சட்டங்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் சின்னின் வாடை. ஹான் புதிதாகக் கண்டுபிடித்தது குறைவு. ஆனால் பராமரிப்பு தெரிந்தவர்கள்.

அதே சட்டங்களில் எழுத்தர் தேர்வு இருக்கிறது: 5,000 எழுத்துக்குமேல் சொல்லவும் எழுதவும் தெரிந்தால்தான் எழுத்தர் வேலை. கி.மு. 134இல் ஒவ்வொரு மாகாணமும் ஆண்டுதோறும் பெற்றோரைப் பேணுபவர் ஒருவரையும் கைசுத்தமானவர் ஒருவரையும் பரிந்துரைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. கி.மு. 124இல் 50 மாணவர்களோடு தலைநகரில் கல்விச்சாலை, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே 30,000 பேர் படித்ததாகப் பதிவு. நிலவரியை முப்பதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். கி.பி. 2இல் எடுத்த கணக்கில் 1.22 கோடி குடும்பங்கள், 5.7 கோடிக்கும் மேல் மக்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இப்படி வீடு வீடாக எண்ணிவிட ஆள் இருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

தொடக்கத்தில் ஹானும் சௌவின் தவற்றைக் கொஞ்சம் செய்தது. கிழக்கில் உறவினர்களை அரசர்களாக வைத்தார்கள், கி.மு. 154இல் அவற்றில் ஏழு அரசுகள் கிளர்ந்தெழுந்தன. அடக்கியபின் கி.மு. 127இல் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை: இனி எல்லா மகன்களுக்கும் பங்கு உண்டு என்று ஆணை. நம் ஊர் நிலம் போல, பாகம் பிரிந்து பிரிந்து ஒவ்வொரு அரசும் தானாகச் சுருங்கியது.

குறைகளும் கனமானவைதான். பரிந்துரை போகப் போகப் பெரிய நிலக்கிழார் வீடுகளுக்குள்ளேயே சுற்றியது. வரி முப்பதில் ஒன்று என்றாலும் குத்தகைக்காரன் விளைச்சலில் பாதியை நிலக்காரனுக்கு அளந்தான். கி.மு. 167இல், மருத்துவரின் மகள் டியிங் தந்தைக்காக மனு எழுதியதில் அங்கங்களை வெட்டும் தண்டனை நின்றது. நல்ல காரியம். ஆனால் அதற்குப் பதில் வந்த நூற்றுக்கணக்கான பிரம்படியில் பலர் செத்தார்கள். எண்ணிக்கையைப் பிறகு குறைக்க வேண்டியிருந்தது.

இருந்தாலும் சியன்லிங் பட்டியலுக்குப் பக்கத்தில் நான் வைப்பது 1993இல் யின்வானில் கிடைத்த துங்ஹாய் மாகாணத்தின் கணக்கை. கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசி. 38 வட்டங்கள், சுமார் 14 லட்சம் மக்கள், 2,200 அலுவலர்கள். வட்டத் தலைமை வெளியூர்க்காரர்களுக்கு, கீழ் எழுத்தர் வேலை உள்ளூர்க்காரர்களுக்கு. இங்கேயும் இல்லாதவர்கள் பட்டியல் உண்டு: யார் வெளிவேலையில், யார் விடுப்பில், யார் வீட்டில் துக்கம் என்று. துக்கத்துக்கு ஊர் போனவர் பெயரும் பதிவில் இருக்கிறது.

அந்தக் கணக்கோடு புதைக்கப்பட்டவர் ஷி ராவ் என்ற மாகாண அலுவலர். ஸியைப் போல அவரும் வேலையை உடன் கொண்டுபோனார். கூடவே கி.மு. 11ஆம் ஆண்டின் நாட்குறிப்பு, எந்த இரவு எந்த ஊரில் தங்கினார் என்று. அப்புறம் ஒரு பாட்டு: கூடு கட்டச் சேர்த்த சுள்ளியைத் திருடிய பறவையோடு சண்டைக்குப் போய்க் காயம்பட்ட ஒரு பெண் காக்கையைப் பற்றி.