தளி ரோட்டுக் குதிரை லாய ஓட்டல்: கட்டடத்துக்கு முழு மார்க், ஏசி ஹாலுக்கு இல்லை

ஓசூரிலிருந்து தளி போகிற வழியில் பழைய பங்களா ஒன்றின் குதிரை லாயத்தை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். சாப்பாட்டை விட எனக்குக் கட்டடத்தைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. பக்கத்து மத்திகிரியில் 1824-லேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் குதிரைப்படைக்காகப் பண்ணை போட்டார்கள் (இன்றைக்கு அது அரசு கால்நடைப் பண்ணை), அதனால் இந்தப் பக்கம் பெரிய லாயம் இருப்பதில் ஆச்சரியமில்லை.

நடுவில் முற்றம், மூன்று பக்கமும் கட்டடம், வாசலில் வண்டி நுழைகிற அகலத்துக்கு ஒரு வளைவு. இங்கிலாந்துப் பிரபுக்களின் பெரிய வீட்டு லாயங்கள் பலவும் இப்படித்தான். அங்கே சாட்ஸ்வொர்த் மாளிகைக்குக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் பெயின் 1760 வாக்கில் கட்டிய லாயமும் முற்றத்தைச் சுற்றியதுதான், இப்போது அங்கேயும் கடைகளும் சாப்பாடும்தான் ஓடுகின்றன.

போனால் குதிரை நின்ற தடுப்புகளுக்குள் உட்காருங்கள். ஜன்னல் எல்லாம் தலைக்கு மேலே. வெளியே எதுவும் தெரியவில்லை என்று பக்கத்து மேசைக்காரர் சலித்துக்கொண்டார், ஆனால் குதிரையின் கண்ணில் வெயில் அடிக்கக் கூடாது, காற்றும் நேராக அதன் உடம்பில் படாமல் உயரத்தில் ஓட வேண்டும் என்றுதான் அப்படி வைப்பார்கள். மூத்திர நெடி உள்ளேயே தங்கினால் குதிரைக்கு மூச்சுக்குழல் கெடும், அதற்காகக் கூரை உச்சியிலும் திறப்பு விட்டிருக்கிறார்கள். மதியத்திலும் ஃபேன் தேவைப்படவில்லை. கழுவிய தண்ணீர் ஓடத் தரையைச் சாய்த்திருப்பதால் நாற்காலி கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளலாம். பாதியாகத் திறக்கிற கதவு, சுவரில் இரும்பு வளையம், மேலே வைக்கோல் பரண், எதையும் பிடுங்கவில்லை.

சேணம் வைத்த அறையையும் வண்டிக் கொட்டகையையும் சேர்த்து ஏசி ஹால் ஆக்கியதுதான் கொடுமை. ஃபால்ஸ் சீலிங், வழுவழு டைல்ஸ், சுண்ணாம்புச் சுவர் மேல் பிளாஸ்டிக் பெயின்ட். ஈரம் வெளியேற வழியில்லாமல் அடிப்பக்கம் உப்புப் பூத்து உரிகிறது. காசைக் கொட்டிக் கெடுத்திருக்கிறார்கள்.

சரி, சாப்பாடு. ராகிக் களியும் மொச்சைக் குழம்பும் நன்றாக இருந்தன, களியில் கட்டி இல்லை. கொள்ளு ரசமும் உண்டு. லாயத்தில் கொள்ளு, யோசித்துத்தான் போட்டார்களோ என்னவோ, காரம் சரியாக இருந்தது. பிரியாணி வேண்டாம், ஆறிப்போய் வருகிறது. ஞாயிறு மதியம் மட்டும் போகாதீர்கள், பெங்களூர் கார்கள் முற்றத்தை அடைத்து நிற்கும், ஆர்டர் எடுக்கவே அரை மணி நேரம் ஆகிவிடும்.